கூரையிலிருந்து தொடங்கும் கணக்கு

கட்டடம் ஒன்று தன் வாழ்நாளில் உட்கொள்ளும் ஆற்றலைக் கட்டடவியலார் இரு பங்காகப் பிரித்துக் கணக்கிடுவர். செங்கல் சுடுவதிலும், சிமெண்ட் ஆக்குவதிலும், இரும்பை உருக்கிக் கம்பியாக்குவதிலும், இவை அனைத்தையும் லாரியில் ஏற்றி மனைக்குக் கொண்டு சேர்ப்பதிலும் செலவாகி, கிரகப்பிரவேச நாளுக்குள் முழுவதும் தீர்ந்துவிடும் பங்கு ‘பொதிந்த ஆற்றல்’ எனப்படும். அந்நாள் தொட்டுக் கட்டடம் இடிக்கப்படும் வரை விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஏசிக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் ஓயாமல் செலவாகிவரும் பங்கு ‘இயக்க ஆற்றல்’ எனப்படும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உலகில் ஆற்றல் பயன்பாட்டினால் வெளியேறும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சார்ந்ததாக இருக்கிறது. முதற்பங்கைத் தீர்மானிப்பவர் கட்டித் தருபவர். இரண்டாம் பங்குக்குக் கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். கட்டும்போது ஒருவர் மிச்சம் பிடிக்கும் ரூபாய்க்கு மற்றொருவர் முப்பது நாற்பது ஆண்டுகள் மின்கட்டணம் கட்ட நேர்கிறது என்பதும், அந்த இழப்பு முன்னவரின் கணக்கில் எங்கும் பதிவாவதில்லை என்பதுமே, நல்ல தொழில்நுட்பங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கட்டடங்களுக்குள் நுழையாமல் நிற்பதற்குத் தலையாய காரணங்கள்.

இதனால் ஆற்றல் சேமிப்பைப் பற்றிய முயற்சிகள் பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் நடக்கின்றன. கட்டி முடித்த பின் சூடு தாங்காமல் ஏசி வாங்கப்படுகிறது. அதன் மின்கட்டணம் தாங்காமல் ஐந்து நட்சத்திர ஏசி வாங்கப்படுகிறது. அதுவும் போதாதபோது மாடியில் சூரிய மின்தகடு பொருத்தப்படுகிறது. இயற்பியல் காட்டும் வரிசை இதற்கு நேர்மாறானது. வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது முதல் வேலை. மீறி நுழைந்ததைக் குறைந்த மின்சாரத்தில் வெளியேற்றுவது இரண்டாம் வேலை. அந்தக் குறைந்த மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்கு இடம் அதற்குப் பின்னரே.

சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரி வடக்கே அமைந்திருப்பதால், ஆண்டில் இரு முறை, ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் அந்நகரின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அது உச்சியைக் கடந்து சற்றே வடக்கில் சரிந்து செல்கிறது. மதுரைக்கும் நெல்லைக்கும் நாள்கள் சில முன்பின்னாக மாறுமே தவிர நிலைமை ஒன்றே. குளிர்நாட்டுக் கட்டடக்கலை நூல்கள் வெயிலை வாங்கும் முகமாகத் தெற்குச் சுவரைக் குறிப்பிடுகின்றன. தமிழ்நாட்டின் கோடையில் அந்த முகம் மொட்டை மாடிதான். வானம் தெளிந்த நண்பகலில் ஒவ்வொரு சதுர மீட்டர் மாடியின் மீதும் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. அதே வேளையில் செங்குத்தாக நிற்கும் சுவர்கள் அதில் ஒரு சிறு பங்கையே பெறுகின்றன.

அந்த வெயிலில் எவ்வளவு வீட்டுக்குள் இறங்குகிறது என்பதைத் தோராயக் கணக்கு ஒன்றால் காட்டலாம். தடிமன் 15 செ.மீ. உள்ள, மேலே வேறு எந்தத் தளமும் இடப்படாத கான்கிரீட் கூரை நாள்பட்டுக் கறுத்துவிட்டால், தன்மீது விழும் வெயிலில் மூன்றில் இரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் வெப்பநிலை 35 டிகிரியாக இருக்கும்போதே அதன் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்குகிறது. ஒரு கூரையோ சுவரோ வெப்பத்தை எவ்வளவு எளிதாக உள்ளே விடுகிறது என்பதைக் குறிக்கும் அளவு ‘யு-மதிப்பு’ ஆகும். இரு புறங்களுக்கும் இடையே 1 டிகிரி வேறுபாடு இருக்கையில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதையே அது சொல்கிறது. மேற்கண்ட கூரைக்கு அது ஏறத்தாழ 3.3. அறைக்குள் 26 டிகிரி வேண்டுமென்றால் வேறுபாடு 34 டிகிரி; அதன்படி சதுர மீட்டருக்கு 110 வாட்டும், 100 சதுர மீட்டர், அதாவது 1,080 சதுர அடிக்குச் சற்றே குறைவான வீட்டுக்கு 11 கிலோவாட்டும் இறங்குகின்றன. ஒரு ‘டன்’ ஏசி என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வல்லது. ஆக, சுவரும் சன்னலும் மனிதர்களும் தரும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்கும் முன்னரே, கூரை ஒன்றுக்காக மட்டும் மூன்று டன் ஏசி தேவைப்படுகிறது.

அதே கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, உறிஞ்சும் வெயிலை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால், மேற்பரப்பு 43 டிகிரியைச் சுற்றியே நின்றுவிடுவதால், இறங்கும் வெப்பம் பாதியாகிறது. பூச்சுக்குப் பதிலாக 5 செ.மீ. தடிமனுள்ள வெப்பத்தடுப்பு நுரைப் பலகையைக் கூரை மீது பதித்து, அதன்மேல் தட்டோடு இட்டால், யு-மதிப்பு 0.55 ஆகக் குறைந்து, சதுர மீட்டருக்கு 19 வாட் மட்டுமே இறங்குகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் பழைய அளவில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். நடைமுறையில் கான்கிரீட் வெப்பத்தைத் தேக்கிவைத்துச் சில மணி நேரம் தாமதித்தே கீழே விடுவதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தா; எனினும் விகிதங்கள் பெரிதும் மாறுவதில்லை. தாமதம் குடியிருப்பவருக்குக் கேடாகவே முடிகிறது, ஏனெனில் நண்பகல் வெப்பம் மாலையிலும் முன்னிரவிலும், அதாவது மக்கள் வேலை முடிந்து திரும்பி உறங்கப் போகும் வேளையில், கூரையின் அடிப்பரப்பிலிருந்து கதிர்வீச்சாக வெளிப்படுகிறது. மின்விசிறி சுழன்றும் புழுங்குகிறதே என்று மேல்தளத்தில் குடியிருப்போர் சொல்வது இதனால்தான்: காற்று குளிர்ந்த பின்னும், தலைக்கு மேலே இருக்கும் சூடான பரப்பு உடலை நேரடியாகச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த உண்மை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. மர உத்திரங்களின் மீது சிறிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன்மேல் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கட்டையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தி, இறுதியில் தட்டோடு பதித்த ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரைகள், இன்றைய வெறும் கான்கிரீட் தளத்தைவிடப் பன்மடங்கு தடித்தவை. கான்கிரீட் வந்த பிறகும் செங்கல்ஜல்லித் தளமும் தட்டோடும் நெடுங்காலம் தொடர்ந்தன. இன்று செலவையும் நாளையும் குறைப்பதற்காக முதலில் கைவிடப்படுபவையும் அவையே. செங்கல்ஜல்லித் தளம் வெப்பத்தை ஓரளவே தடுக்கும், நுரைப் பலகைக்கு அது ஈடாகாது என்பது மெய்தான். ஆனால் அதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எதையுமே வைக்காத கட்டடத்தை முன்னேற்றம் என்று சொல்வதற்கில்லை. குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2ஐத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. தகரத்தின் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையின் கீழும் கோடையைக் கழிக்கும் குடும்பங்களுக்கு ஏசி எட்டாக்கனி. சுண்ணாம்புப் பூச்சோ எட்டும் விலையில் இருக்கிறது. மழையில் கரைந்தும் தூசி படிந்தும் வெண்மை மங்கிவிடுவதால் ஆண்டுதோறும் பங்குனிக்கு முன் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்பது ஒன்றே அதன் குறை. இந்த அளவு எளிய வேலையைக் கூட அரசுக் குடியிருப்புகளின் மேல்தளங்களுக்குச் செய்து தராமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கூரைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியவை மேற்குச் சன்னல்கள். மே மாதத்தில் மாலை 4 மணிக்குச் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில் நிற்கிறது; அவ்வேளையில் 60 செ.மீ. நீட்டிய சன்ஷேடின் நிழல் சன்னலில் 40 செ.மீ. அளவுக்கே இறங்கும். 1.2 மீட்டர் உயரச் சன்னலில் எஞ்சிய பகுதி முழுவதும் வெயில் நேராக உள்ளே பாய்கிறது. இந்தத் தாழ்ந்த வெயிலைத் தடுக்கக் கிடைமட்டப் பலகை உதவாது. செங்குத்தான தடுப்புகளோ, வெளிப்புறத் தட்டியோ, மரமோதான் உதவும். திரைச்சீலையை உட்புறம் தொங்கவிடுவதால் பயன் சிறிதே, ஏனெனில் வெயில் கண்ணாடியைக் கடந்த பின் திரையில் பட்டு வெப்பமாக மாறி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன்மீது படும் வெயில் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடுகிறது. நுண்ணிய உலோகப் பூச்சு கொண்ட உயர்ரகக் கண்ணாடிகள் கால் பங்கு அளவுக்குக் கட்டுப்படுத்துகின்றன. ஆயினும் முகப்பு முழுவதும் கண்ணாடியால் போர்த்திய அலுவலகக் கோபுரங்கள், உயர்ரகக் கண்ணாடியைப் பயன்படுத்தினாலும், வெயிலைத் தாமே வரவேற்றுவிட்டுப் பிறகு மின்சாரத்தால் அதை வெளியேற்றப் போராடுபவையே. சுவருக்கு வேண்டிய பொருளைப் பொறுத்தவரை, இருபுறமும் பூசிய 23 செ.மீ. செங்கல் சுவரின் யு-மதிப்பு ஏறத்தாழ 2 ஆகவும், காற்றுக்குமிழிகள் நிறைந்த ஏஏசி கட்டைகளால் 20 செ.மீ. தடிமனில் எழுப்பிய சுவருக்கு 0.7ஐ ஒட்டியும் இருக்கின்றன என்ற ஒப்பீடே போதுமானது.

இயக்க ஆற்றலிலிருந்து பொதிந்த ஆற்றலுக்குத் திரும்பினால், அங்கே கணக்கின் நடுவில் சிமெண்ட் நிற்கிறது. அரியலூர் வட்டாரத்தில் தோண்டி எடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லின் முதன்மையான சேர்மம் கால்சியம் கார்பனேட். அதனைச் சூளையில் சுடும்போது, எடையில் 100 பங்குக்கு 56 பங்கு கால்சியம் ஆக்சைடாகத் தங்க, மீதி 44 பங்கு கரியமில வாயுவாகப் பிரிந்து காற்றில் கலந்துவிடுகிறது. எரிபொருளாக நிலக்கரிக்குப் பதில் எதை எரித்தாலும், சூளையைச் சூரிய மின்சாரத்தால் இயக்கினாலும் கூட, கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் இந்த 44 பங்கு குறையாது. சிமெண்டின் உயிர்ப்பொருளான ‘கிளிங்கர்’ எனும் உருண்டைகள் உருவாக 1,450 டிகிரி வெப்பம் தேவைப்படுவதால் எரிபொருளின் புகை இதனோடு சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டும் கூடி, உலகின் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமெண்ட் தொழிலின் பங்காகிறது. சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது இந்தியா.

கல்லில் அடைபட்ட வாயுவைத் தவிர்க்க ஒரே நேர்வழி கிளிங்கரின் அளவைக் குறைப்பது. சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து இறுகும்போது வலிமை தரும் சேர்மத்தோடு கால்சியம் ஹைட்ராக்சைடு எனும் வலுவற்ற துணைப்பொருளும் உண்டாகிறது. அனல் மின் நிலையங்களின் நுண்சாம்பலைப் போன்ற, சிலிக்கா மிகுந்த பொடி அருகில் இருந்தால், அது அந்த வலுவற்ற பொருளோடு மெல்ல வினைபுரிந்து அதையும் வலிமைதரும் சேர்மமாக மாற்றிவிடுகிறது. கடைகளில் ‘பிபிசி’ என்ற பெயரில் கிடைக்கும் சிமெண்டில், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிப்படி, 15 முதல் 35 விழுக்காடு வரை இத்தகைய நுண்சாம்பல் இருக்கலாம். வினை மெல்ல நடப்பதால் தொடக்க நாள்களில் வலிமை சற்றுக் குறைவாகத் தோன்றினாலும், போதிய நாள்கள் நீராற்றினால், இறுதியில் அது குறைவதில்லை. உப்புக் காற்றையும் கூடுதலாகத் தாங்குகிறது. சென்ட்ரிங்கை விரைவில் பிரித்துவிடும் அவசரத்தில் மேஸ்திரிகள் சிலர் பிபிசியைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்றால், திருத்தப்பட வேண்டியது வேலையின் கால அட்டவணையே.

நிலக்கரி குறையக் குறையச் சாம்பலும் குறையும் என்பதால், அதன் இடத்தை நிரப்பக் களிமண் முன்வந்திருக்கிறது. கயோலின் எனும் கனிமம் கலந்த சாதாரணக் களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால், நுண்சாம்பலைவிட விரைவாக வினைபுரியும் பொடி கிடைக்கிறது. சுடும் வெப்பநிலையும் குறைவு, களிமண்ணிலிருந்து பிரிவதும் கரியமில வாயுவன்று, நீராவி. ஏறத்தாழ 50 விழுக்காடு கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 விழுக்காடு ஜிப்சம் என்ற விகிதத்தில் அமைந்த இந்த ‘எல்சி3’ சிமெண்ட், கரியமில வாயு வெளியீட்டை 30 முதல் 40 விழுக்காடு வரை குறைக்க வல்லது. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் கேரன் ஸ்க்ரிவனர் தலைமையிலும், கியூபாவிலும், டெல்லி, சென்னை ஐஐடிகளிலும் நடந்த ஆய்வுகளின் பயனாக உருவான இச்சிமெண்டுக்கு இந்தியத் தர விதி 2023இல் வெளியானது. தமிழ்நாட்டின் கொத்தனார்களுக்கு இதன் வேதியியல் அந்நியமானதன்று. செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்த்தரைக்கும் சுர்க்கிக் காரையில் நடப்பதும் சுட்ட களிமண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் இடையிலான இதே வினைதான்; 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை அத்தகைய காரையைக் கொண்டே எழுப்பப்பட்டது. கைவிடப்பட்ட அறிவு ஒன்று அளந்து சோதிக்கப்பட்ட வடிவில் திரும்பி வந்திருக்கும் இந்நிலையில், அரசுக் கட்டுமான ஒப்பந்தங்கள் அதற்கு வழிவிட வேண்டியது அவசியம்.

எந்தச் சிமெண்டைக் கொண்டு கட்டினாலும், முப்பது ஆண்டில் இடிந்துபோகும் கட்டடம் அறுபது ஆண்டு நிற்கும் கட்டடத்தைவிட ஆண்டுக் கணக்கில் இருமடங்கு பொதிந்த ஆற்றலை விழுங்குகிறது. ஆகவே, நீடித்து நிற்பதும் ஒரு சூழலியல் பண்பே. கடலோர நகரங்களில் கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், அதாவது ‘கவர்’. உப்புக் காற்றின் குளோரைடு அந்த மூடுபடலத்தின் நுண்துளைகள் வழியே கம்பியை எட்டினால் இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. இயல்பான சூழலில் 20 மி.மீ. கவர் போதும் என்று கூறும் இந்திய விதி, கடலோரம் போன்ற கடுமையான சூழலுக்கு 45 மி.மீ. கேட்கிறது. வேலைத்தளத்தில் கவர் பிளாக் நகர்ந்துபோவதும், கலவை எளிதில் பரவட்டும் என்று கூடுதலாக ஒரு வாளி நீர் ஊற்றுவதும், நீராற்றலை மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதும் இந்தப் பாதுகாப்பை அடியோடு அழித்துவிடுகின்றன. கூடுதல் நீர் ஆவியாகும்போது விட்டுச்செல்லும் துளைகளே பின்னாளில் உப்புக்கு வழியாகின்றன. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள்களும் நுண்சாம்பல் கலந்ததற்குக் குறைந்தது 10 நாள்களும் நீராற்ற வேண்டும் என்ற விதிக்குச் செலவே இல்லை. சித்தாள் ஒருவரின் கவனம் போதும்.

பொருளைக் குறைப்பதற்கும் வழிகள் உண்டு. செங்கல்லைப் படுக்கையாக அன்றிப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே காற்றிடைவெளி விட்டுக் கட்டும் முறையைத் திருவனந்தபுரத்தில் பரப்பிய லாரி பேக்கர், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல்லைச் சேமித்ததோடு, அந்த இடைவெளியால் வெப்பத்தையும் குறைத்தார். ஆரோவில்லில் மண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்தி, சூளையே இன்றி உருவாக்கும் கற்கள் பல அடுக்கு வீடுகளையே தாங்கி நிற்கின்றன.

வெப்பத்தைத் தடுத்த பின் வருவது இயந்திரங்களின் முறை, அதிலும் முதலிடம் மின்விசிறிக்கே. பழைய மின்விசிறி 75 வாட் கொள்ளும் இடத்தில் பிஎல்டிசி மோட்டார் கொண்ட புதியது 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 245 யூனிட் மிச்சமாகிறது. காற்றோட்டம் வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விப்பதால், விசிறி சுழலும் அறையில் ஏசியை 24 டிகிரிக்குப் பதில் 26 அல்லது 27இல் வைத்தாலும் உடல் வேறுபாட்டை உணர்வதில்லை. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஏசியின் மின்செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறைகிறது என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில், மூன்று பருவங்களில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர்கள் மேலைநாட்டு அளவுகோல்கள் கருதுவதைவிட உயர்ந்த வெப்பநிலையிலும் வசதியாக உணர்கிறார்கள் என்பதை நிறுவியது. சால்வை போர்த்திக்கொண்டு பணிசெய்யும் அளவுக்கு அலுவலகங்களைக் குளிர்விப்பது மின்சாரத்துக்கு மட்டுமன்றி, அங்கே பணியாற்றுவோரின் உடலுக்கும் இழைக்கப்படும் தீங்கு.

பெரிய கட்டடங்களில் வரிசையின் முக்கியத்துவத்தை மிகத் தெளிவாகக் காட்டியது, ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011இல் கட்டி முடித்த அலுவலகம். ஒன்றுபோல் அமைந்த இரு பாதிகளில் ஒன்றுக்கு வழக்கமான குளிர்காற்று முறையும், மற்றொன்றுக்குக் கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீர் செலுத்தும் கதிர்வீச்சுக் குளிர்விப்பு முறையும் பொருத்தி, இரண்டின் மின்செலவையும் தனித்தனியே அளந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் இரண்டாவது பாதியின் குளிர்விப்புச் செலவு 34 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரே கன அளவில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கவல்லது என்பதால், பெரிய விசிறிகளைச் சுழற்றிக் குளிர்காற்றைக் கட்டடம் முழுவதும் தள்ளுவதைவிடச் சிறிய பம்பால் நீரைச் சுற்றிவரச் செய்வது மலிவு. ஆனால் குளிர்ந்த தளத்தில் பனி பூக்காமல் இருக்க நீரின் வெப்பநிலையை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. அதனால் அத்தளம் ஈர்க்கக்கூடிய வெப்பத்துக்கும் எல்லை உண்டு. கூரையையும் சுவரையும் சன்னலையும் முதலிலேயே செம்மையாக அமைத்து வெப்பச்சுமையைக் குறைத்த கட்டடத்தில்தான் இம்முறை வேலை செய்யும்.

இத்தனை கவனத்தோடு கட்டிய கட்டடங்களும் திறப்புவிழாவுக்குப் பின், திட்டத்தாளில் எழுதியதைவிடக் கூடுதலாக மின்சாரம் செலவழிப்பதுண்டு. இதனைச் ‘செயல்திறன் இடைவெளி’ என்பர். உணர்கருவி பிழைபட்டும், வால்வு இறுகிப்போயும், ஆளில்லாத தளங்களில் குளிர்விப்பு தொடர்ந்தும் இந்த இடைவெளி உண்டாகிறது. கண்டறிய எளிய வழி, கட்டடம் உறங்கும் இரவு 2 மணிக்கு மின்மானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்வது. ஆளில்லா அலுவலகத்தில் அந்த அளவு பகலின் பாதியை நெருங்கினால், எதுவோ வீணாக ஓடுகிறது என்று பொருள். விசிறிக்கும் பம்புக்கும் உள்ள இயற்பியல் விதி இங்கே பெருந்துணை புரிகிறது: அவற்றின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்தேவை 51 விழுக்காடாகவும், வேகத்தைப் பாதியாக்கினால் மின்தேவை எட்டில் ஒரு பங்காகவும் குறைகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூதி இரவும் பகலும் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, நலச்சங்கக் கூட்டங்களில் வராந்தா விளக்கைப் பற்றி மட்டுமே விவாதம் நடப்பது வருந்தத்தக்கது.

மழைநீர்ச் சேகரிப்பின் கதையும் இதுவே. தமிழ்நாடு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெறும் சென்னையில் 100 சதுர மீட்டர் கூரை மீது விழும் நீர் 1,40,000 லிட்டர். குழாயும் குழியும் இருந்தும், வடிகட்டும் மணலும் ஜல்லியும் பல ஆண்டுகள் கழுவப்படாமல் அடைத்துக்கொண்டால், அந்நீர் தெருவுக்கே போகிறது. ஐப்பசி மழைக்கு முன் குழியைத் தூர்வாரும் பொறுப்பு ஒருவரின் பெயரில் எழுதப்படாத வரை, சட்டம் காகிதத்தில் மட்டுமே நிறைவேறியதாக இருக்கும்.

சூரிய மின்தகட்டுக்குக் கடைசி இடம் தரப்பட்டதற்குக் காரணம் பரப்பளவுதான். ஒரு கிலோவாட் தகட்டுக்கு நிழல் படாத 10 சதுர மீட்டர் வேண்டும். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். பதினாறு வீடுகள் கொண்ட நான்கடுக்குக் கட்டடத்தின் மாடியில் 200 சதுர மீட்டர் கிடைத்தால், வீடொன்றுக்கு 5 யூனிட் தேறும். கோடையில் நாளொன்றுக்கு 15 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது மூன்றில் ஒரு பங்கு. கூரையையும் விசிறியையும் சீர்செய்து 8 யூனிட்டுக்கு இறங்கிய வீட்டுக்கு அது பாதிக்கும் மேல். தகடு பொருத்தும் முன் வெப்பத்தைத் தடுப்பவருக்கே தகட்டின் முழுப் பயனும் கிட்டுகிறது.

வீடு வாங்கவோ கட்டவோ இருப்பவர்கள் தரை ஓட்டின் நிறத்தையும் குளியலறைக் குழாயின் நிறுவனத்தையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்லிக் கேட்கிறார்கள். அதே தாளில் கூரையின் யு-மதிப்பு, கம்பிக்கான கவர், நீராற்றும் நாள்கள் ஆகிய மூன்று எண்களையும் எழுதித் தருமாறு கட்டுநரிடம் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.